டாக்டரிடம் சொல்லாமல் விட்ட முதல் அடி

தம்பி,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். நடுவில் ஒரு சுவர். கூப்பிட்டால் எழுந்து வருவாய். ஆனாலும் காகிதத்தில் எழுதுகிறேன். போன் திரையைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாராவது தொடர்ந்து பேசினாலும் உனக்குத் தலை கனத்துப்போகிறது, கண்ணை மூடிக்கொள்கிறாய். காகிதம் பரவாயில்லை என்று நீதான் சொன்னாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கண் வலித்தால் மூடி வைத்துவிட்டு மறுநாள் படி. ஆனால் புதன்கிழமைக்கு முன்னால் கடைசி வரை படித்துவிடு. புதன்கிழமை துபாயில் அந்த நரம்பு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம். உன் கிளப் அனுப்பியிருக்கும் ஃபாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டால், ஆகஸ்டில் நீ போலந்துக்குத் திரும்பிப் போய் பத்தாவது சீசன் ஐஸ் ஹாக்கி ஆடலாம். அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்குச் சரியான பதில் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை எழுத முடியாது என்று நினைத்தேன். முடிகிறது. மத்தியானம் சாப்பிட்டேன், கொஞ்சம் படுத்தேன், எழுந்து எழுதுகிறேன். உன்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான்கு மாதமாக எனக்கு இப்படித்தான் இருக்கிறது. அழுகையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. உன் அம்மா இதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் முதலில் வந்தது தோஹாவுக்கு. தொழில்பேட்டை கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். ஏ.சி. மெக்கானிக் வேலை. பிறகு துபாயில் ஒரு மாலுக்குள் ஐஸ் ரிங்க் இருக்கிறது, அதை உறைய வைக்கிற சில்லர் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு ஐஸ் என்றால் சைக்கிளில் விற்கிற குச்சி ஐஸ்தான். போய்ப் பார்த்தால் ஒரு கண்மாய் அளவுக்கு ஐஸ், அதன் மேல் மனிதர்கள் ஓடுகிறார்கள். அந்த ஐஸைச் சீவி எடுத்து, மேலே வெந்நீர் விட்டு, மறுபடி கண்ணாடி மாதிரி ஆக்குகிற வண்டியையும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐஸ் வண்டி என்போம். சீவியதை மாலின் பின்வாசலில் கொட்டுவேன். ஜூலை மாதத்தில் பக்கத்துக் கட்டட சைட்டில் வேலை செய்கிறவர்கள் வந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அப்பிக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் தரை காய்ந்துவிடும். யல்லா, யல்லா, கிளம்பு கிளம்பு என்று அவர்களுடைய ஃபோர்மேன் கத்துவான். நீயும் சின்ன வயதில் என்னோடு நின்று இதைப் பார்த்திருக்கிறாய்.

உன் அம்மா பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போன பிறகு நாம் அப்போது குடியிருந்த முவைலா வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் உன்னை ரிங்குக்குக் கூட்டிப் போனேன். வேறு லட்சியம் எதுவும் எனக்கு இல்லை. கம்ப்ரஸர் ரூமில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாய். கோச் மாரெக்தான், யாரோ விட்டுப்போன பழைய ஸ்கேட்டை உன் காலில் மாட்டிவிட்டார். அப்போது உனக்கு ஏழு வயது. முதல் நாள் நீ விழவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். விழுந்தாய், பதினோரு தடவை. அப்போதே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது.

மாரெக் உன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். உனக்குப் பதினாறு வயது நடக்கும்போது ஒரு நாள் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் ஊர் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒருவர் வருகிறார், வெள்ளிக்கிழமை மேட்ச் பார்ப்பார், பிடித்திருந்தால் அங்கே ஜூனியர் அணியில் சேர்த்துக்கொள்வார்கள், தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள் என்று சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை வருடத்தில் அந்த ரிங்கில் யாரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஸ்லோவாக்கியாவைப் பற்றிச் சொன்னேன். கை கொடுத்ததைச் சொல்லவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. உனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். காய்ச்சல் இல்லை, தம்பி. காய்ச்சல் என்று சொன்னது நான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். பிராக்டிஸ் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கோச் வராமல் யாரையும் ஐஸில் இறக்கக் கூடாது என்பது விதி. நான் அப்போதுதான் வண்டி ஓட்டி முடித்திருந்தேன். புது ஐஸில் நாலு ரவுண்டு போகிறேன் என்று கேட்டாய். எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன், அன்றும் விட்டேன். கூட ஒரு லெபனான் பையன் இருந்தான். அந்தக் கோடையிலேயே குடும்பத்தோடு கனடா போய்விட்டான். அவன் மட்டையால் அடித்த பக் வட்டைத் துரத்திப் பின்பக்கமாகவே போனாய். ஸ்கேட்டின் முனை எங்கோ பிடித்தது. அப்படியே மல்லாந்து விழுந்தாய். ஹெல்மெட் வாரை நீ மாட்டியிருக்கவில்லை. ஹெல்மெட் தனியாக உருண்டு போவதைப் பார்த்தேன். சத்தம் ஒரு முறைதான் கேட்டது. நான் ஓடி வந்து உன் தலையைத் தூக்கினேன். கண் திறந்திருந்தது, ஆனால் நீ பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று பலமுறை மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து உட்கார்ந்து, பிராக்டிஸ் முடிந்துவிட்டதா என்று கேட்டாய்.

மாரெக் வந்ததும், பையனுக்குக் காய்ச்சல், வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. உண்மையைச் சொன்னால் விதியை மீறி ஐஸில் விட்டது தெரிந்துவிடும், வேலை போகும், விசா கேன்சல், நாம் மூன்று பேரும் ஊருக்குப் போக வேண்டும். பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ஆள் வருகிறார் என்பதும் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் இருந்தது. என் பிள்ளை ஐஸைச் சுத்தம் செய்கிறவன் இல்லை, அதன் மேல் ஆடுகிறவன் என்று எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முவைலாவில் நம் தெருவுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நல்ல மனிதர். என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டில் பாத்ரூமில் வழுக்கிவிட்டான் என்றேன். நினைவு தப்பியதா என்று கேட்டார். இல்லை என்றேன். வாந்தி? இல்லை. வரும் வழியில் காருக்குள் நீ வாந்தி எடுத்திருந்தாய். விளையாட்டு எதுவும் ஆடுகிறானா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஃபுட்பால் என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, நாளைக்கும் தலை வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மறுநாள் உனக்குத் தலை வலித்தது. போகவில்லை.

வெள்ளிக்கிழமை நீ ஆடினாய். இரண்டு கோல் போட்டாய். வந்தவர் நோட்டில் எழுதிக்கொண்டதை நான் ஐஸ் வண்டியின் சீட்டிலிருந்து பார்த்தேன். மூன்று மாதத்தில் நீ கிளம்பினாய். பிறகு உன் கிளப் பத்திரிகையில் உன்னைப் பேட்டி எடுத்தபோது, காய்ச்சலோடு ஆடிய அந்த மேட்ச்தான் என் வாழ்க்கையையே மாற்றியது என்று சொல்லியிருந்தாய். அதைத் தமிழில் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய். முதல் பீரியட் ஆடினதே ஞாபகம் இல்லை, அவ்வளவு காய்ச்சல் என்று சிரித்தாய். நானும் போனில் சிரித்தேன்.

ஒன்பது வருடம். ஜூனியரில் மூன்று, ஸ்லோவாக்கியாவில் இரண்டு, போலந்தில் நான்கு. ஊரில் உன் மாமா இன்னும் அதைப் புல்தரையில் ஆடும் ஹாக்கி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "மாப்ள, இந்தியா டீம்ல எப்ப எடுப்பாக?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், நீயும் அடுத்த வருஷம் மாமா என்பாய். ஒரு லீவில் நான் உன்னைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கும். ஸ்டேடியத்தில் உன் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்லி அத்தனை பேர் கத்தினார்கள். என் பக்கத்து சீட்டுக் கிழவர் நான் உன் அப்பா என்று தெரிந்ததும் தன் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பெருமையாக இருந்ததா என்று அன்று கேட்டாய். ஆமாம் என்றேன். உண்மையில் நீ ரிங்கின் ஓரப் பலகையோடு மோதிய ஒவ்வொரு தடவையும் உன் ஹெல்மெட் வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அந்த ஊர் ஐஸ் வண்டிக்காரன் வந்து ஓட்டினான். அவனைப் பார்த்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போலந்தில் உனக்குத் தலையில் அடிபட்டதை நீ முதல் அடி என்று சொல்கிறாய். அந்த ஊர் டாக்டர் சரியாகத்தான் கேட்டார். நீ வீடியோ காலில் எங்களைக் கூப்பிட்டாய். உன் அம்மா டூட்டியில் இருந்தாள், நான்தான் எடுத்தேன்.

"அப்பா, டாக்டர் கேக்குறாரு, சின்ன வயசுல எனக்கு தலையில அடி ஏதாச்சும் பட்டிருக்கா? பட்டிருந்தா இந்த சீசன் முழுக்க ரெஸ்ட்டுன்றாரு."

"இல்லப்பா" என்றேன்.

நீ அவர் பக்கம் திரும்பி நோ என்றாய். அவர் எழுதிக்கொண்டார். எட்டு வாரத்தில் மறுபடி ஆட இறங்கினாய். முதல் பொய்க்காவது எனக்கு ஒரு பயம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. மாரெக் ஊருக்குப் போய்விட்டார், ரிங்கில் பழைய மேனேஜர்கள் யாரும் இல்லை, யாரும் என்னை ஒன்றும் செய்யப்போவதில்லை. முன்னே சொன்ன பொய் வெளியே வந்துவிடும் என்பதற்காக மட்டும் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால், இந்தக் குளிர்காலத்தில் நீ அந்த ஐஸில் இருந்திருக்க மாட்டாய்.

இந்தக் குளிர்காலத்தில் நடந்ததை நான் போனில் நேரலையாகப் பார்த்தேன். அங்கே மத்தியான மேட்ச், இங்கே சாயங்காலம். டூட்டியில் கம்ப்ரஸர் ரூமில் இருந்தேன். உன் ஜெர்சி எண் விழுந்தது, எழவில்லை. கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், பிறகு விளம்பரம் போட்டார்கள். நான் மீட்டரைப் பார்த்தேன், ரீடிங் எழுதினேன், மைனஸ் ஐந்து. வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐஸைச் சீவினேன். பிறந்தநாள் கொண்டாடிய சின்னப் பிள்ளைகள் எனக்குக் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். எல்லாம் முடித்த பிறகுதான் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு உள்ளே ஏதோ ஒன்று நின்றுவிட்டது, இன்னும் ஓடவில்லை.

இப்போது நீ தேறிவிட்டதாகச் சொல்கிறாய். பத்து நாளாகக் காலையில் மால் திறப்பதற்கு முன் என்னோடு வந்து மெதுவாக ஸ்கேட் செய்கிறாய். கிளப் மெயில் வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன். என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். எல்லாம் தெரிந்த நான், ஒன்றும் தெரியாத உன்னைப் பார்த்து உன் இஷ்டம் என்று சொன்னேன். அதை நினைத்துத்தான் மறுநாள் டூட்டிக்கு லீவ் சொல்லிவிட்டு அந்த டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

அவர் உருது பேசுகிறவர், ஹிந்தி அவருக்குப் புரியும். நான் சைட்டில் கற்ற அரைகுறை ஹிந்தியில் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், அதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை. உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். நோயாளி அவர், நீங்கள் இல்லை, முதலில் அவரிடம் சொல்லுங்கள், புதன்கிழமை நான் அவரிடம்தான் கேட்பேன் என்றார். மூன்று அடி என்றால் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். மாட்டேன், இரண்டுக்கே யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து வெயிலில் பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டேன்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை. தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள். பிறகு பேசினாள்.

"அன்னைக்கு காய்ச்சல்னு சொன்னீக. நான் நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சுடல. சுடலன்னு தெரிஞ்சும் நான் உங்கள ஒரு வார்த்த கேக்கல. நல்ல எடத்துக்குப் போகப்போறான்னு வாய மூடிக்கிட்டேன்."

அரிசியை அடுப்பில் ஏற்றினாள். அவளை ஒன்றும் சொல்லாதே. தொட்டுப் பார்த்தவளுக்குச் சந்தேகம்தான். நீ விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்பா என்கிற முறையில் உனக்குப் புத்தி சொல்ல இனி எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கற்றது உன் தலையில். ரிங்கில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள், நீ விரும்பினால் கேட்டுப் பார்க்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். எங்கே போனாலும், ஒரு பிள்ளை விழுந்தால் அவன் அப்பனிடம் கேட்காதே. அப்பனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். பிள்ளையிடம் கேள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அவனிடமே கேள். உனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அப்போதும் இப்படியே செய். அவன் பதில் உனக்குப் பிடிக்காததாக இருந்தால், அதை ஒரு காகிதத்தில் எழுதி வை. இல்லாவிட்டால் உனக்குப் பிடித்த மாதிரி அதை மாற்றிக்கொள்வாய்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. புதன்கிழமை நீ அந்த டாக்டரம்மாவிடம் இரண்டு என்று சொல்லலாம், மூன்று என்றும் சொல்லலாம். நீ இரண்டு என்று சொன்னால் நான் எழுந்து மூன்று என்று சொல்வேன். இதை இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வர வேண்டாம் என்றால் அம்மாவோடு போ, அவளும் அதையேதான் சொல்வாள். அதன் பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது எனக்குப் புரியும். நான் வழக்கம்போல டூட்டிக்குப் போய் வருவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை டாக்டரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகும் வழியில் நஹ்தா சிக்னலில் வெகுநேரம் நின்றோம். பிராக்டிஸ் முடிந்துவிட்டதா என்று நாலைந்து தடவை கேட்டிருந்தாய், ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்றேன். பிறகு கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் தெளிவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"அப்பா, வெள்ளிக்கெழம நான் ஆடல. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு அங்கல்லாம் போக வேணாம்."

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

காலையில் எழுந்தாய். அதைச் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லை. ஸ்கேட்டைத் தீட்டக் கொடுத்தாச்சா அப்பா என்று கேட்டாய். கொடுத்தாச்சு என்றேன்.

அப்பா